எத்தனை சட்டை போதும்?

முதற் சம்பளம் பெற்ற இளைஞன் ஒருவன், என்னென்ன உடை வாங்கலாம் என்று நம்மிடம் கேட்டான். சிறு கேள்வியென்று அதைத் தள்ள நம்மால் இயலவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அண்ணனின் சட்டையை இரவல் வாங்கி அணிந்து, தோள் தையல் கைவரை சரிந்து நிற்கக் கூசிய நாள் நமக்கும் உண்டு.

வெள்ளை, இளநீலம், மெல்லிய கோடிட்டது என மூன்று பருத்திச் சட்டைகள். சாம்பல், கருநீலம் என இரு கால்சட்டைகள். எதையும் எதனோடும் அணியலாம். ஐந்து துணிகளில் ஆறு சோடிகள். கறுப்புத் தோல் காலணி, அதே நிறத்தில் இடைவார். வெள்ளைச் சட்டை வேட்டியோடு சேர்ந்தால் திருமண வீட்டுக்கும் ஆகும், துக்க வீட்டுக்கும் ஆகும். நிறத்தைவிட அளவே முக்கியம். தையல் தோளெலும்பின் முனையில் நிற்க வேண்டும். (இதைச் சொல்கையில் நம் குரல் சற்று உயர்ந்ததாம்.)

பிறர்முன் நிமிர்ந்து நிற்க விரும்புவதை ஆடம்பரமென்று பழிக்க நமக்கு மனமில்லை. அதற்கு மேற்பட்ட சட்டையிலேதான் வழக்கு தொடங்குகிறது. பெட்டியில் பூட்டிய மேலாடை ஆடையற்றவனுக்கு உரியது என்று நான்காம் நூற்றாண்டிலேயே செசரியா ஆயர் புனித பசிலியார் போதித்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியதும், கதர் வாங்க வழியற்ற ஏழைகளை எண்ணியே.

அவன் சென்றபின் நம் அலமாரியைத் திறந்தோம். சட்டைகள் 23. கடைசியாக எப்போது அணிந்தோம் என்று நினைவில்லாதவை ஒன்பது. ஒன்றை அவனுக்கென எடுத்தோம். அண்ணனின் சட்டை நினைவுக்கு வந்தது. மடித்த கை அப்படியே நின்றது.