சிஸ்டர் என்று அழைக்கிறோம்



கோவில்பட்டி அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் சரி, கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூர்களின் சுகாதார நிலையமானாலும் சரி, ஊசி போட வருகிற நர்ஸை நாம் எல்லோரும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுகிறோம். கன்னியாஸ்திரீகள் வியாதியஸ்தரைப் பராமரித்த காலத்தில் பிறந்து, இன்று எல்லா நர்ஸுகளுக்கும் பொதுவாகிவிட்ட பெயர் அது. சிஸ்டர் என்றால் சகோதரி. ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றல்லவா அதற்கு அர்த்தம்? எத்தனை அழகான சொல்!

ஆனால் அந்தச் சொல் வாயை விட்டு வந்த மறு நிமிஷமே இன்னொரு கேள்வியும் வருகிறது. "உங்களுக்கு எந்த ஊர், சிஸ்டர்?" பதில் கிடைத்ததும், "அந்த ஊரில் எந்தத் தெரு?" கரிசல் மண்ணில் பிறந்த யாருக்கும் இதன் உட்பொருளை விளக்கத் தேவையில்லை. ஊரைக் கேட்பது சில வேளை அன்பினால். தெருவைக் கேட்பதோ சாதியை அறிவதற்காக. சகோதரி என்று கூப்பிட்ட அதே நாக்கு, அவரைத் தராசில் வைத்து நிறுக்கிறது.

நர்ஸும் நம்மைப் போல் மனுஷிதானே? கட்டிலில் கிடப்பவரின் கிழிந்த சேலையையும், காலில் ஒட்டிய கரிசல் மண்ணையும், பெயரையும், பேச்சையும் பார்த்து அவரும் ஓர் எண்ணம் கொள்ளக்கூடும். ஒரு கட்டிலுக்கு "நீங்கள்" என்றும் அடுத்த கட்டிலுக்கு "நீ" என்றும் சொல் மாறினால், வியாதியஸ்தர் அதை உடனே கண்டுகொள்வார். அதன்பின் அவர் வாய் திறப்பாரா? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார். சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டார்.

பிரியமானவர்களே, வேற்றுமை செய்கிற தீங்கு இதுதான். வியாதியஸ்தர் மறைக்கிறார், நர்ஸ் ஊகிக்கிறார். மறைப்புக்கும் ஊகத்துக்கும் நடுவே வியாதி வளருகிறது.

முதலாவது, வறுமையைப் பாருங்கள். "மாத்திரையை மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்" என்கிறார் நர்ஸ். மூன்று வேளை அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வந்தவள் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "சரிங்கம்மா" என்று தலையாட்டுகிறாள். இன்னொருத்தி சர்க்கரை வியாதிக்காக விடியற்காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசுக்கோ களை எடுக்கவோ ஓடுகிறாள். தூக்குச்சட்டியை அவள் திறக்கப் பத்து மணியாகிறது. அதற்குள் சர்க்கரை அளவு இறங்கிவிடலாம். வேர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். கவனியாவிட்டால் உயிருக்கே மோசம். நர்ஸுக்கு மருந்து தெரியும். அந்தத் தாய்க்குத் தன் வீட்டு அடுப்பு தெரியும். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமற் போனதே ஆளை வீழ்த்துகிறது.

இரண்டாவது, பேச்சைப் பாருங்கள். "மேலுக்கு முடியலை" என்று நம் பாட்டி சொன்னால், உடம்பு சரியில்லை என்பது நமக்கு விளங்கும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ், "மேலே என்றால் எங்கே, தலையா, நெஞ்சா?" என்று திகைக்கக்கூடும். "என் மகள் முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பமாயிருக்கிறாள் என்று நாம் அறிவோம். அறியாதவருக்கு அது குளியல் சமாசாரம்! கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகள் பல உண்டு என்பதை நினைத்தால் இது சிரித்துவிட்டுப் போகிற காரியமல்ல. வீட்டில் தெலுங்கே பேசி வளர்ந்த முதியவர்களும் நம் ஊர்களில் எத்தனை பேர்! நோவு மிகும்போது மனுஷனுக்குத் தாய்ப்பேச்சுத்தானே வாயில் வரும்?

காமநாயக்கன்பட்டியில் ஞான ஊழியம் செய்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். போதிக்க வந்தவர் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டார். ஜனங்களின் பாஷையைப் படித்து 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். இடைசெவலில் பிறந்து 2021-ல் காலமான எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம் கரிசல் வட்டாரப் பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். வார்டில் நிற்கிற நர்ஸும் தம் மனத்துக்குள் இப்படி ஓர் அகராதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது, ஆண் பெண் என்ற வேற்றுமை. மார்பில் கட்டி கண்ட தாய் அதை மாதக்கணக்காக முந்தானைக்குள் மறைக்கிறாள். நீர் பிரியாமல் தவிக்கிற பெரியவர், மகள் வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்லுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். இந்தக் கூச்சத்தை அறியாமை என்று ஏசலாமா?

சரித்திரத்தைக் கேளுங்கள். 1890-ம் ஆண்டுகளில் திண்டிவனத்தில், ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்ணின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று கணவன்மார் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் டாக்டர்; ஆனால் அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ வைத்தியம் படித்தவரல்ல. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மரித்தார்கள். அந்தப் பெண் அவர்கள் வழக்கத்தைச் சபித்துக்கொண்டு கப்பல் ஏறிவிடவில்லை. அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, திரும்பி வந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் திருச்சபையிலும் இதற்கு ஒப்பான சரித்திரம் உண்டு. இன்று பாகிஸ்தானிலுள்ள ராவல்பிண்டியில், திரைக்குப் பின்னே வாழ்ந்த இஸ்லாமியப் பெண்கள் ஆண் டாக்டரிடம் வரமாட்டார்கள் என்று கண்டு, ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காத்லாந்து டாக்டரம்மாள் அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஏற்பட உழைத்தார். அவருடைய எண்ணத்தால் தூண்டப்பட்ட ஆஸ்திரியா தேசத்து அன்னா டெங்கல், வைத்தியம் படித்து அங்கே ஊழியம் செய்து, 1925-ல் ஒரு வைத்திய மிஷன் சகோதரிகள் சபையையே ஸ்தாபித்தார். அக்காலத்தில் கன்னியாஸ்திரீகள் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. 1936 பெப்ருவரி 11-ந் தேதி, லூர்து மாதா திருநாளன்று, ரோமாபுரி அந்த அனுமதியை அளித்தது. திரைக்குப் பின்னே மடிந்த தாய்மாருக்காகத் திருச்சபை தன் ஒழுங்கையே மாற்றிக்கொண்டது!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? வேற்றுமைகளில் இரண்டு வகை உண்டு. மதிக்க வேண்டிய வேற்றுமை ஒன்று. களைய வேண்டிய வேற்றுமை ஒன்று. பெண்ணின் கூச்சம், முதியவரின் பேச்சு, ஏழையின் மானம், பிற மதத்தாரின் நோன்பு ஆகியவை பலவீனனைக் காக்கிற வேலிகள். அவற்றை மிதிக்கலாகாது, வாசல் எங்கே என்று கேட்டு, அனுமதி பெற்று நுழைய வேண்டும். சாதி அகந்தையோ வேலியல்ல. அது ஒருவன் தோளில் ஏறி நின்று தன்னை உயரம் என்று எண்ணுகிற மயக்கம். அதற்கு மரியாதை காட்டுவது பாவம்.

தீண்டாமையைக் காட்டி ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதை 1955-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் ஆஸ்பத்திரி வாசலைத் திறந்தது. மனத்தின் வாசலைத் திறப்பது யார்? நர்ஸ் எந்தத் தெரு என்று அறிந்தபின், "வேறு சிஸ்டர் வரட்டும்" என்று கையை இழுத்துக்கொள்கிறவன், தன் மருந்தைத் தானே தரையில் ஊற்றுகிறான்.

பழைய ஏற்பாட்டில் நாமான் என்ற சீரியா தேசத்துச் சேனாதிபதியை நினைத்துக்கொள்ளுங்கள். குஷ்டம் பிடித்த அவனுக்கு வழி காட்டியது யார்? அவன் சேனை சிறைபிடித்து வந்த ஒரு வேலைக்காரச் சிறுமி. எலிசேயு தீர்க்கதரிசி யோர்தானில் முழுகச் சொன்னபோது கோபித்துத் திரும்பியவனை மறுபடி அழைத்து வந்தது யார்? அவனுடைய ஊழியர்கள். தனக்குக் கீழே என்று எண்ணியவர்கள் சொல்லைக் கேட்டபிறகே அவன் சரீரம் சுத்தமாயிற்று. தண்ணீரில் இறங்கும் முன்னே அகந்தையிலிருந்து இறங்கவேண்டியிருந்தது.

லூக்காஸ் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில் வருகிற நல்ல சமாரியனை, காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தவனாக நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். இன்று அந்தக் காயப்பட்டவனை நினையுங்கள். யூதரும் சமாரியரும் ஒருவரையொருவர் வெறுத்த காலம் அது. குற்றுயிராய்க் கிடந்த அவனுக்கு உதவிக்கு வந்த கையைத் தள்ள வலுவில்லை, அதனால் பிழைத்தான். கட்டிலில் படுத்திருக்கும் வியாதியஸ்தரிடம் கிறிஸ்துநாதர் இருக்கிறார் என்று நர்ஸுக்குச் சொல்லுகிறோம், அது சத்தியம். கட்டு அவிழ்த்து மருந்து வைக்கிற கையிலும் அவர் இருக்கிறார் என்று நமக்கு யார் சொல்லுவது?

நம் பங்குப் பெண்மக்களில் நர்ஸிங் படித்து, சென்னையிலும் அரபு நாடுகளிலும் இங்கிலாந்திலும் வேலை செய்கிறவர்கள் உண்டு. தோல் நிறத்தையும் நாட்டையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற வியாதியஸ்தர் உலகில் எங்குமுண்டு. நம் பிள்ளைக்கு அப்படி நேர்ந்தது என்று போனில் கேட்டால் நம் வயிறு எப்படிப் பற்றி எரியும்! கோவில்பட்டி வார்டில் நிற்கிறவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே.

இனி, செய்யவேண்டியதைப் பார்ப்போம். எரிக்கோவில் குருடன் கூவி அழைத்தபோது, அவன் குருடன் என்று சேசுநாதர் அறியாமலா இருந்தார்? ஆயினும், தான் என்ன செய்யவேண்டும் என்று அவனையே கேட்டார். தேவசுதனே கேட்டாரென்றால், ஊகித்துக்கொண்டு போக நமக்கு என்ன உரிமை?

ஆகையால் நர்ஸாக ஊழியம் செய்யும் சகோதரிகளே, சகோதரர்களே, தலையாட்டுவதை நம்பாதிருங்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், நீங்கள் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். வெட்கம் அவர்கள் பக்கம் சாயாமல் உங்கள் பக்கம் வரும். "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று மாத்திரைக்கு முன்னே விசாரியுங்கள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். திரை இருந்தால் இழுத்துவிடுங்கள். எல்லாக் கட்டிலுக்கும் "நீங்கள்" என்ற ஒரே சொல் இருக்கட்டும்.

குடும்பத்தாரே, வியாதியை மறைக்காதீர்கள். கூச்சமான காரியமென்றால், "பெண் நர்ஸிடம் தனியாகச் சொல்லவேண்டும்" என்றோ, "ஆண் நர்ஸ் இருக்கிறாரா?" என்றோ தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பாட்டியின் பேச்சு நர்ஸுக்கு விளங்காவிட்டால் பக்கத்திலிருந்து பொறுமையாய் எடுத்துச் சொல்லுங்கள். தெருவைக் கேட்கிற கேள்வியை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மேலும் ஒன்று. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சுகாதார ஊழியர்கள் நம் வீட்டுத் திண்ணைக்கே வருகிறார்கள். கரிசல் வெயிலில் நடந்து வந்தவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறோம்? நாம் குடிக்கிற டம்ளரிலா, தனியே எடுத்துவைத்த டம்ளரிலா? நீங்கள் அந்த ஊழியராயிருந்தால், எந்தத் தெருவில் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடிக்கிறீர்கள்? எந்தத் தெருவில் தாகமில்லை என்கிறீர்கள்? யூதரும் சமாரியரும் பாத்திரம் கலவாத காலத்தில், சேசுநாதர் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர் முதலில் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அந்த ஒரு கேள்வியில் அவள் மனம் திறந்தது; மறைத்ததெல்லாம் வெளியே வந்தது.

இந்த வாரம் நம் பங்கில் ஒவ்வொரு குடும்பமும் வியாதியாயிருக்கும் ஒருவரையும், நர்ஸாக உழைக்கும் ஒருவரையும் ஜெபமாலையில் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்போமாக. சிஸ்டர் என்று நாவால் அழைக்கிறவர்களை இருதயத்தாலும் சகோதரியாக ஏற்க, வியாதியஸ்தரின் ஆரோக்கியமாகிய தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.