குன்றின் காயம்

புனித அந்தோணியார் துயிலும் பதுவை நகருக்குத் தென்மேற்கே எரிமலைகள் விட்டுச்சென்ற யூகேனியக் குன்றுகள். அடிவாரத்துப் பிராலியா மடம் பதினோராம் நூற்றாண்டில் எழுந்தது. ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் இன்றும் அங்கே செபிக்கின்றனர், திராட்சை பயிரிடுகின்றனர்.

கொடிகளுக்கிடையே நடந்த நாம், வெட்டுண்டு நின்ற மலைச்சரிவொன்றைக் கண்டு திகைத்தோம். வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்தில் நாம் வியந்து மிதித்த கற்கள் இக்குன்றுகளிலிருந்து சென்றவையே! 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கல்குவாரிகளைக் கட்டுப்படுத்தியது. 1989-இல் இப்பகுதி வட்டார இயற்கைப் பூங்காவாயிற்று.

அங்ஙனமாயின் அச்சதுக்கத்தைச் சமைத்தோர் குற்றவாளிகளா? அவ்வாறுரைக்க நமக்கு நா எழவில்லை. காட்டைத் திருத்தாமல் திராட்சையும் இல்லை. திராட்சையின்றிப் பலிபீடத்தில் இரசமும் இல்லை. ஆனால் கொடியைக் கவாத்து செய்பவர் அடுத்த ஆண்டும் அதனிடமே திரும்பவேண்டும். பாறையை உடைத்து விற்றவருக்கோ அக்கடன் இல்லை.

மாலைச் செபத்திற்கு மணி ஒலித்தது. நாம் நின்ற படியும் அதே கல்லோ எனக் குனிந்து பார்த்தோம்.