பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலைக்கு வாங்குவதைப் பார்த்தால் விற்பவரை அவமதிப்பதாகுமா? இங்கிலாந்தில் மகளுக்காக ஓர் இளங்குதிரை தேடும்போது இந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்தது.

இங்கே கால்நடை மருத்துவரை அமர்த்துவது வாங்குபவர். விற்பவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவரைத் தவிர்ப்பது நல்லது. முழுப் பரிசோதனைக்கு 5 கட்டங்கள்: இதயம், கண், பல் முதலியவற்றைப் பார்ப்பது, கையில் பிடித்து நடத்தி ஓடவிடுவது, கடும் பயிற்சி, ஓய்வு, மீண்டும் ஓட்டம். சேணம் பழகாத குதிரையை நீள்கயிற்றில் வட்டமாக ஓடவிடுவார்கள். எடுத்த இரத்தத்தைப் பொதுவாக 6 மாதம் சேமித்து வைப்பார்கள். வலிநிவாரணி கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் பிறகும் தெரியவரும்.

நேர்மையான விற்பவருக்கும் குதிரையின் உள்நோய் தெரியாமல் இருக்கலாம். பரிசோதனை பின்னாளைய பழியிலிருந்து அவரையும் காக்கிறது. ஆகவே இதை அவநம்பிக்கை என்று நான் எண்ணவில்லை.

மருத்துவர் 'நல்ல குதிரை' என்று சான்று தருவதில்லை. நாம் நினைத்த வேலைக்கு ஏற்றதா என்றே சொல்வார். அதனால் நம் ஆசை என்னவென்று நாம்தான் முதலில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஏமாந்தால் எனக்குப் பணம் போகும். தாங்காத முதுகில் சுமப்பதும், கைமாறிக் கைமாறி விற்கப்படுவதும் குதிரைதான். பேரத்தில் அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதற்காகவாவது பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.