வீடற்றவனின் முகவரி

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், திருவல்லிக்கேணியில் அவன் இறுதி நாட்களைக் கழித்த வீடும் இன்று நினைவில்லங்களாக விளங்குகின்றன. நமது நாட்டிலே, கொக்கலையில் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு பேணப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளத்திற்காக அவ்வூர் மக்கள் அப்புறப்படுத்தப்பட்ட பின்னரும் அவ்வீடு எஞ்சியது. எழுத்தாளன் வாழ்ந்த இடத்தைப் போற்றுவது நல்ல மரபு, மறுப்பாரில்லை. ஆனால், சொந்த வீடே இல்லாத மக்களிடையே தோன்றிய எழுத்தாளனை எந்த வாயிலில் நின்று வணங்குவது?

மாத்தளை மாவட்டத்தில் தமிழாசிரியனாகப் பணிபுரியும் எனக்கு இவ்வினா நூலிலிருந்து எழுந்ததன்று. கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்ட மாணவி ஒருத்தி, "சேர், முகவரி என்ன எழுதுவது?" என்று கேட்டாள். அவள் வாழும் லயத்துக் காம்பராவுக்கு இலக்கமில்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதி அனுப்பினாள். பரிசுக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, விழா முடிந்த பின்னரே அவள் கைக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தென்னிந்தியத் தொழிலாளர், மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் சந்ததியாரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டது கற்பனை அலங்காரமன்று; அது சமூக உண்மை.

வீடில்லாதவர்கள் ஊரைப் பெயரிலே சுமந்தார்கள். மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு என்ற பெயர்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய பின்னும் சோமு ஊரைத் தம் பெயரினின்று அகற்றவில்லை. இது பழைய தமிழ் மரபே. ஈழத்துப் பூதன்தேவனாரின் வீடு எதுவென்று எவரும் அறியார். ஈழம் மட்டும் அவர் பெயரில் நிலைத்திருக்கிறது.

அப்படியாயின், சொல் நிலைத்தால் போதாதா, கல்லும் மண்ணும் எதற்கு என்று கேட்கலாம். சொந்தக் கூரையின் கீழ் இருந்துகொண்டு இவ்வாறு கேட்பது எளிது. சொல்லுக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும். மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் ஏட்டிலேற்றப்பட்டது. ஓதுவோர் அழிந்தால் சொல்லும் அழியும் என்ற அச்சமே அதற்குக் காரணமென்பர். மலையகத்து வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. திரட்டியதும் அத்தகைய பணியே. இரவில் விளக்கேற்றி எழுத ஒரு மூலையில்லாதவள் எழுதாமற் போன கதைகளை யார் திரட்டுவது?

அதற்காக லயமொன்றைப் பூசி மெழுகி நினைவுச் சின்னமாக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. அருகிலுள்ள லயத்தில் மழைநீர் ஒழுகிக்கொண்டிருக்க, மற்றொன்றைக் காட்சிக்கு வைப்பது இறந்தவனைப் போற்றி இருப்பவளை அவமதிப்பதாகும். எழுத்தாளனுக்குச் சமுதாயம் செலுத்தும் முதல் மரியாதை, அவன் பிறந்த மக்களுக்கு நிலவுரிமையும் வீடும் வழங்குவதே. நினைவில்லம் அதன் பின்னர் வரட்டும்.

அந்த மாணவி இவ்வாண்டும் கட்டுரை எழுதியிருக்கிறாள். முகவரிக்குரிய இடத்தில் பாடசாலையின் பெயரை எழுதச் சொன்னேன். அது உதவி, நீதியன்று.