தாயைப் பழிக்காதீர், பிள்ளையை விரட்டாதீர்

 

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கடை வைத்திருக்கும் நமக்கு அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரியும். சாமான் வாங்க வரும் தாயோடு சில வேளை ஒரு பிள்ளை வருகிறது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. பால் டின்களை ஒரே வரிசையாக அடுக்குகிறது. அதில் ஒன்றை நாம் எடுத்துவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "வளர்ப்புச் சரியில்லை" என்கிறோம். இல்லையேல் "ஏதோ பிடித்திருக்கிறது" என்கிறோம்.

இரண்டும் தவறு, சகோதரர்களே! இது ஆட்டிசம் என்னும் வளர்ச்சி நிலை. மூளையின் வளர்ச்சி பிறப்பதற்கு முன்பே வேறு விதமாக அமைந்துவிடுகிறது. 1943-ல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கேனர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதனை எழுதினார். பிற்பாடு, தாயின் பாசக் குறைவே காரணமென்று வைத்தியர்களே பழி சுமத்தினர். அத்தகைய பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் நூலெழுதி அப்பழியை மறுத்தார். படித்தோர் கைவிட்ட பழியை நாம் இன்னும் தாயின் தலையில் ஏற்றலாமா?

ஒரு வெள்ளிக்கிழமை, நம் தொழுகை வரிசையில் இத்தகைய பிள்ளை சத்தமிட்டது. தகப்பனாரோடு வெளியே அனுப்பினோம். மறு ஜும்ஆவுக்கு அந்த மனிதர் வரவேயில்லை. பிள்ளையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள். நாமோ பிள்ளையை விரட்டினோம். அந்த வீட்டு வாசலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்பது நம்மீது கடமையல்லவா?

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் மாதங்கள், பிள்ளை பேசிப் பழக வேண்டிய மாதங்கள். முதல் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். அந்த மாதங்கள் போனால் வாரா. ஒன்றரை வயதாகியும் பிள்ளை விரல் நீட்டிக் காட்டாமலும், பெயருக்குத் திரும்பாமலும் இருந்தால், அரசாங்கக் கிளினிக்கில் காட்டும்படி அந்தத் தாய்க்கு நயமாக எடுத்துச் சொல்லுங்கள். மலேசியத் தேசிய ஆட்டிசம் சங்கமும் உண்டு. இந்துத் தாயானாலும் முஸ்லிம் தாயானாலும், நம் கடைக்கு வருபவர் நம்மை நம்பி வருகிறார்.

டின்களை அடுக்கும் பிள்ளை அடுக்கட்டும். கடை ஒன்றும் முழுகிவிடாது. அந்தப் பொறுமையில் அல்லாஹ் நமக்குப் பரக்கத் செய்வானாக! ஆமீன்.