கேட்கும் கை

ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவின்போது மாடிகளிலிருந்து வீசப்படும் கனிகளைப் பிடிக்கத் தலத்தெருவிலிருந்தும் மக்கள் திரள்வர். சைவ அன்பர்கள் அருட்கதையாகப் போற்றும் இவ்வரலாற்றில் ஒரு பெண்ணின் தனிமையும் உண்டு. பசித்து வந்த அடியாருக்குக் கணவனின் மாங்கனியைப் படைத்தவர் புனிதவதியார். இறையருளால் அவருக்கு வேறொரு கனி கிடைக்கக் கண்டு அஞ்சிய பரமதத்தன், பாண்டிநாடு சென்று மறுமணம் புரிந்தான். உறவினர் அவரை அழைத்து வந்தபோது காலில் விழுந்தான். வணங்கப்பட்டார், துணையை இழந்தார். நம் வீட்டு முதியோரையும் இவ்வாறே கும்பிட்டு ஒதுக்குகிறோமோ?

சிக்கார் கிணற்றடியில் ஆண்டவர் செய்தது வேறு. தனியே வந்த சமாரியப் பெண்ணுக்கு அவர் முதலில் போதிக்கவில்லை. யூதராயிருந்தும் அவளிடம் தண்ணீர் கேட்டார். தனித்திருப்போருக்குக் கொடுப்பவர் பலர். அவர்களிடம் கேட்பவர் எத்தனை பேர்? அடுத்த தெரு மூதாட்டிக்கு அரிசியும் மருந்தும் கொண்டு செல்கிறோம்; நன்று. ஒருநாள் அவரிடம் ஊறுகாய்ப் பக்குவம் கேட்டுப் பார்க்கலாம்.