வெட்கம் யாருக்கு?



மாதவிலக்கான ஏழைச் சிறுமி தன் துணியை வெயிலில் காயப்போடாமல் இருட்டு மூலையில் ஒளிப்பதேன்? நாம் கற்பித்த வெட்கத்தாலே! ஈரத்துணியோ நோயைத் தரும்.

2012-ல் தமிழக அரசு தொடங்கிய 'புதுயுகம்' திட்டம், 10 முதல் 19 வயதுவரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின் இலவசமாகக் கொடுக்க வகுக்கப்பட்டது. அதைப் பிச்சையென்று எண்ணவேண்டாம்; அது அவர்களுக்கு நீதிப்படி சேரவேண்டியது. ஆயினும் தண்ணீரும் மறைவிடமும் இல்லாத குடிசையில் பொட்டலம் மட்டும் போதுமா?

பெரும்பாடுள்ள ஸ்திரீயை நமதாண்டவர் சேசுநாதர் ஒதுக்கவில்லை. எல்லார் முன்பாகவும் 'மகளே' என்றழைத்தார். செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடலோரக் குப்பங்களிலும் வாழும் தகப்பன்மாரே, அரிசி பருப்போடு இதையும் வீட்டுச் செலவில் கூசாமல் சேருங்கள். அயல்வீட்டு ஏழைப் பெண்ணும் உங்கள் மகளே.